ஏழுமலை அண்ணன் கேட்ட ஒரு நாள் லீவு

அங்காளம்மாவை நம்பி வாழும் அத்தனை பேருக்கும் என் வணக்கம். என் பெயர் கலைவாணி. ஊர் செஞ்சி. அம்மா எனக்குச் செய்ததை எழுதவேண்டும் என்று எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். நாலு வரிக்குள் அழுகை வந்துவிடும். இன்று எப்படியாவது முடித்துவிடுகிறேன்.

போன வருஷம் தை மாதம், ஒரு புதன்கிழமை, ஏழுமலை என்பவர் வேலையிடத்தில் இறந்துபோனார். அன்று அவர் அங்கே இருந்திருக்கவே வேண்டாம். லீவு கேட்டார். நான்தான் விடவில்லை.

அப்போது நான் ரயில்வே பொறியியலும் திட்ட மேலாண்மையும் சேர்ந்த முதுநிலைப் படிப்பில் கடைசி வருஷம். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்கவே திண்டிவனமோ விழுப்புரமோ போகவேண்டும். என் நைனா, விவசாயிகள் நெல் விற்க வருகிற கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். எனக்கு அந்தப் படிப்பில் இடம் கிடைத்த அன்று, கூட வேலை செய்கிற எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

படிப்பின் கடைசி ஆறு மாதம் வேலையிடத்தில் பயிற்சி. இரண்டாவது ரயில் பாதை போடுகிற ஓர் இடத்துக்கு என்னை அனுப்பினார்கள். எந்த நாளில் எந்த வேலை, அதற்கு எத்தனை ஆள் என்று வாரத்துக்கு ஒரு அட்டவணை போடுவது என் பொறுப்பு. ரயில்களை நிறுத்திவைத்து, எங்களுக்கென்று இரண்டு மூன்று மணி நேரம் தருவார்கள். பிளாக் என்று அதற்குப் பெயர். ஆள் குறைந்து அந்த நேரம் வீணானால் மறுபடி கிடைக்க நாளாகும். மேலதிகாரிகளிடம் திட்டு விழும். அதனால் லீவு வேண்டுமானாலும் ஆட்கள் என்னிடம்தான் கேட்கவேண்டும்.

அங்கே தண்டவாளம் போடுகிற ஆட்களில் ஒருவரான ஏழுமலை அண்ணன், எங்கள் பக்கத்துப் பனமலைக்காரர். நான் செஞ்சி என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு பாசம். எல்லார் எதிரிலும் மேடம் என்பார், தனியாக இருந்தால் பாப்பா. தெரியாத ஊரில் தினமும் என்னிடம் "சாப்டியா பாப்பா" என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அந்தத் திங்கட்கிழமை என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். புதன்கிழமை மகளுக்குக் காது குத்துகிறார்களாம். "பொண்ணு ரொம்ப அழுவும் பாப்பா. நான் பக்கத்துல நின்னா அடங்கிடும். ஒரு நாள் மட்டும் குடேன்" என்றார்.

அட்டவணையில் ஏற்கெனவே ஓர் ஆள் குறைவு. புதன்கிழமைதான் பிளாக். அது முடிந்ததும் இரண்டு நாளாகவே எடுத்துக்கொண்டு போங்கள் அண்ணா என்று சொன்னேன். அவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கணினியைப் பார்த்தபடியே சொன்னேன். "சரி பாப்பா" என்று போய்விட்டார்.

புதன்கிழமை மதியம் தண்டவாளத்தை வண்டியிலிருந்து இறக்கும்போது சங்கிலி அறுந்தது. தண்டவாளம் அவர் மேல் விழுந்தது. நாங்கள் ஓடிப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரணை நடந்தது. சங்கிலி பழசு என்று எழுதினார்கள். என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. யாராவது ஒருவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

பயிற்சியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். புத்தகத்தைத் தொடவே இல்லை. ஆய்வறிக்கை கொடுக்கவேண்டிய நாளும் தாண்டிப்போனது. சோறு இறங்கவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார். மூட்டை சரிந்தால் பக்கத்தில் நிற்கிறவன் மேல்தான் விழும், யார் நிற்க வைத்தார்கள் என்றா கேட்பார்கள் என்று நைனா ஆறுதல் சொன்னார். அதைக் கேட்டு இன்னும் அழுதேன். அவரும் தினமும் அப்படி நிற்கிறவர்தானே.

என் அம்மா அமாவாசைதோறும் என்னை மேல்மலையனூர் அங்காளம்மா கோயிலுக்குக் கூட்டிப் போனாள். முதல் அமாவாசையில், தாயே இதை மறக்க வை என்று கேட்டேன். இரண்டாவதிலும் அதையே கேட்டேன். மறக்கவில்லை. இதற்கிடையில் இரண்டு முறை பனமலைக்கு பஸ் ஏறினேன். ஏரிக்கரைவரை போய், அவர் வீடு எது என்று கேட்க வாய் வராமல், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

மூன்றாவது அமாவாசையில் வேண்டுதலை மாற்றினேன். தாயே, மறக்கவேண்டாம். அவர் மனைவியிடம் சொல்ல ஒரு வழி காட்டு. அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

எட்டாம் நாள், ரேஷன் அட்டையில் ஒரு திருத்தத்துக்காகத் தாலுகா ஆபீஸ் போயிருந்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். நெற்றியில் பொட்டில்லை. கையில் வெள்ளைத் தாள். வாரிசுச் சான்றிதழுக்கு ஒரு மனு எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். மனுதாரர் பெயர் வள்ளி. ஊர் பனமலை. இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டேன்.

"ஏழுமலை. ரயிலு பாதை வேலைக்குப் போன எடத்துல பூட்டாரு."

பேனாவைக் கீழே வைத்தேன். அங்கேயே சொல்லிவிட்டேன். "அக்கா, நானும் அந்த எடத்துலதான் வேல பாத்தேன். அண்ணன் அன்னிக்கு லீவு கேட்டாரு. நான்தான் குடுக்கல."

அடிப்பார் என்று காத்திருந்தேன்.

"கேட்டாரா?" என்றார்.

"கேட்டாருக்கா. திங்கக்கெழமையே வந்து கேட்டாரு."

"வர முடியாதுன்னு போன்ல சொன்னாரு. லீவே கேட்டிருக்க மாட்டாரு, வேலதான் பெருசுன்னு இருந்துட்டாருன்னு நெனச்சேன். அன்னிக்குக் காலையில ரெண்டு வாட்டி போன் பண்ணாரு. கோவத்துல நான் எடுக்கல." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கேட்டார். "இன்னா சொல்லிக் கேட்டாரு?"

பொண்ணு அழுவும், நான் பக்கத்தில் நின்றால் அடங்கிவிடும் என்று அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்று மாதமாக அவர் இறந்த கணவர் மேல் கோபத்தோடு இருந்திருக்கிறார். எதைச் சொல்ல நான் பயந்து பயந்து ஒளிந்தேனோ, அது தெரியாமல்தான் அந்த அம்மா வெந்துகொண்டிருந்தார்.

என்னை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்ன இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல பாப்பா. எழுதி முடி, மணி ஆவுது" என்றார். எழுதி முடித்தேன். தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அன்று வீட்டுக்கு வந்து மூன்று மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். படிப்பை ஆறு மாதம் தாமதமாக முடித்தேன். இப்போது வேறோர் இடத்தில் அதே அட்டவணை வேலைதான் பார்க்கிறேன். யாராவது லீவு என்று வந்தால் எழுந்து நின்று முழுதாகக் கேட்கிறேன். அதனால் ஒரு பிளாக் வீணாகி, நன்றாகத் திட்டு வாங்கியதும் உண்டு.

அங்காளம்மா, ஏழுமலை அண்ணனை ஏன் காப்பாற்றவில்லை என்று இன்றும் அவளிடம் கேட்கிறேன். பதில் வரவில்லை. ஆனால் அத்தனை ஜனம் வந்துபோகிற ஆபீஸில், அந்தத் தாளை என் கையில் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அவளுக்குக் கோடி நமஸ்காரம்.

உங்களில் யாருக்காவது வெளியே சொல்ல முடியாத ஒன்று நெஞ்சில் இருந்தால், அதைச் சொல்ல ஒரு வாய் கொடு என்று அவளிடம் கேளுங்கள். தண்டனை கிடைக்குமோ, மன்னிப்பு கிடைக்குமோ, எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லப்போவதைக் கேட்பதற்காக எங்கேயோ ஒருவர் காத்துக்கொண்டிருக்கலாம். அவரிடம் உங்களை அவள் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.