வெள்ளானூர்: தளம் போட்ட பிறகு அளந்த சிக்னல்

1999 மே 15, சனிக்கிழமை, காலை ஏழு பத்து. அம்பத்தூர் ஸ்டேஷனில் என்னிடம் மூன்று உருப்படிகள்: சிம் கார்டு போட்ட மேஜை போன் ஒன்று, அதற்கான ஆன்டெனா ஒன்று, கரண்ட் போனால் மாட்ட பேட்டரி ஒன்று. போக வேண்டியது ஆவடி தாண்டி வெள்ளானூர். அன்று காலைதான் அங்கே புது வீட்டில் பால் காய்ச்சியிருந்தார் தனசேகரன். ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்திருக்கிறார். கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து எந்த நேரமும் கூப்பிடுவார்கள். ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். வெள்ளானூருக்கு டெலிபோன் லைன் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்த செல்லுலார் போன்.

எனக்குக் கவலையே இல்லை. இந்த போன்களை மாட்டிக் கொடுப்பதுதான் என் வேலை, மார்ச்சிலேயே போய் சிக்னல் பார்த்துவிட்டு வந்தவன் நான். நாலு கோடு, முழுசாக.

ஆவடிக்கு ரயிலில் பன்னிரண்டு நிமிடம். பேட்டரி மாதிரி கனமான சாமான் இருந்தால் கூடைக்காரர்கள் ஏறும் வெண்டார் பெட்டியில் ஏறுங்கள். மற்ற பெட்டிகளில் திட்டு வாங்குவீர்கள். ஸ்டேஷனிலிருந்து வெள்ளானூர் ஏழு கிலோமீட்டர், ஆட்டோ அறுபது ரூபாய். மீட்டரைப் பற்றிப் பேசாதீர்கள்.

"பொட்டில இன்னா கீது நைனா?" என்றார் டிரைவர்.

"போன். ஒயர் இல்லாமப் பேசறது."

"ஒயரே இல்லாத போனுக்கா இம்மாம் மூட்டை? ஒயரு இருந்தா லாரிதான் புடிக்கணும் போல."

எட்டரைக்கு இறங்கினேன். விருந்தாளிகள் கிளம்பிவிட்டிருந்தார்கள். தனசேகரனின் மனைவி சகுந்தலா கேசரித் தட்டை நீட்டினார். அப்புறம் சாப்பிடுகிறேன் என்று ஹாலில் போனை வைத்து ஆன் செய்தேன். ஒரு கோடு. அதுவும் போனது. மூலை மூலையாக மாற்றிப் பார்த்தேன். ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன். இரண்டு கோடு வந்தது, மூச்சு விடுவதற்குள் ஒன்றானது.

"மார்ச்ல நாலு கோடு காட்டிச்சே தம்பி?" என்றார் தனசேகரன்.

"அப்ப கூரை இல்ல சார்."

"கூரை இல்லாம எப்படிப்பா குடிவர்றது?" என்றார் சகுந்தலா. கேலியாகத்தான் கேட்டார்.

நான் அளந்தபோது சுவர் ஜன்னல் உயரத்தில்தான் நின்றது, மேலே வானம். இப்போது தலைக்கு மேல் அரையடிக்கு ஒரு கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். சிக்னல் எங்கிருந்து இறங்கும்? மூங்கில் ஏணியில் மொட்டை மாடிக்குப் போனேன். என் கையிலிருந்த செல்போன் நாலு கோடு காட்டியது. அங்கிருந்து கீழே ஹாலில் இருக்கும் போனுக்கு மூன்று தடவை அடித்தேன். முதல் தடவை மணி அடித்தது. இரண்டாம் தடவை தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மூன்றாவதில் தனசேகரன் "அலோ" சொல்லும்போதே அறுந்தது.

ஆன்டெனாவை மாடியில் நட்டால் தீர்ந்தது. ஆனால் என்னிடம் இருந்த கேபிள் மூன்று மீட்டர். பதினைந்து மீட்டர் வேண்டும், புதன்கிழமைக்கு முன் கைக்கு வராது.

"போனையே மாடில வெச்சிரு. நான் மேலயே படுத்துக்கறேன்," என்றார் தனசேகரன். படிக்கட்டு இன்னும் கட்டவில்லை. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் மூங்கில் ஏணியில் ஏறுவதா?

"ஒண்ணும் வேலைக்காகாது சார். இதை வெச்சுட்டுப் போனா உங்களை ஏமாத்தின மாதிரி," என்றேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

"வியாழக்கிழமையே ஆஸ்பத்திரில இந்த நம்பரைக் குடுத்துட்டோம். ஜோசப் அண்ணன் நம்பரைக் கோடு போட்டு அடிச்சிட்டாங்க," என்றார் சகுந்தலா. ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் ஜோசப் இவர்களுக்குப் பக்கத்து வீடு. அத்தனை நாளும் அவர் வீட்டு போன்தான் இவர்களுக்கு.

சகுந்தலாவே உள்ளே போய் ஒரு லுங்கி, துண்டு, மாத்திரை டப்பா எல்லாம் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

"நீங்க ஜோசப் அண்ணன் வீட்டுக்குப் போயிடுங்க."

"நீ?"

"பால் காய்ச்சின அன்னிக்கே வீட்டைப் பூட்டுவாங்களா? நான் இருக்கேன்."

"பதினாறு வருஷம் குவார்ட்டர்ஸ். சொந்த வீட்ல ஒரு ராத்திரி படுக்க விடமாட்டேங்கறீங்களே ரெண்டு பேரும்," என்றார் தனசேகரன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பதினோரு மணிக்கு அவரும் நானும் ஒரே ஆட்டோவில் ஆவடி திரும்பினோம். ஜோசப் வீட்டு போனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நானே பேசி நம்பரை மாற்றினேன். வாசல்வரை வந்த தனசேகரன், "அவளுக்குத் தனியா இருந்து பழக்கமில்ல," என்று மட்டும் சொன்னார்.

மார்ச்சில் நான் அளந்தது ஒரு வீட்டை அல்ல, மூன்று பக்கம் சுவர் வைத்த மைதானத்தை. அந்த நாலு கோடு பொய் சொல்லவில்லை. அடுத்த மாதம் அங்கே தளம் போடுவார்கள் என்பது யாருக்கும் தெரியும். கேட்க எனக்குப் பொறுமை இல்லை. வெள்ளானூர், திருநின்றவூர் பக்கம் பாதி வீடுகள் இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. அங்கே செல்லுலார் கருவி மாட்டப் போகிறவர்கள், கட்டி முடித்த பிறகு ஒரு முறை அளக்காமல் வார்த்தை கொடுக்காதீர்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. புதன்கிழமை கேபிள் கைக்கு வந்ததும் அன்றே வெள்ளானூர்.

2. மாடியில் பத்தடிக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனா.

3. போன் எங்கே இருக்குமோ அங்கேயே உட்கார்ந்து, கதவு ஜன்னல் சாத்தி, ஒரு மணி நேரம் கோட்டைப் பார்ப்பது.

4. வெளியிலிருந்து பத்து தடவை அடிப்பது. பத்தும் சகுந்தலா அக்கா எடுத்துப் பேச வேண்டும், ஒன்பது போதாது.

5. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு நம்பர். அதற்கும் பிறகு, தனசேகரனை அவர் வீட்டுக்கு நானே கூட்டிக்கொண்டு போவது.