பலகையை ஆட்டிக் காட்டிய பாடம்

நான் படித்தது ஐந்தாவது வரை, சந்தவாசலில். வீட்டுக்காரருக்கு ஜவ்வாது மலையில் காட்டைக் காவல் காக்கிற வாட்சர் வேலை. அவரோடு மேலே போனேன். பள்ளிக்கூடத்தில் சத்துணவு தொடங்கியபோது எனக்குச் சமையல் வேலை கிடைத்தது. பிள்ளைகள் ஆயா என்பார்கள். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அந்த ஊரில் கல் சுவரும் ஓட்டுக் கூரையும் உள்ள கட்டிடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். வீடுகளெல்லாம் மூங்கில் தட்டி, மண் பூச்சு, மேலே புல். வாத்தியார் ஒருவர். ஐந்து வகுப்புக்கும் அவர்தான். கண்ணமங்கலத்துப் பக்கம் சொந்த ஊர். என் அடுப்பு கட்டிடத்துக்குப் பின்னால், தனியாக ஒரு புல் சாளைக் குடிசையில்.

ஒரு நாள் காலை உலை வைத்திருந்தேன். அண்டா மூடி ஆடியது. கொதியில் ஆடுகிறது என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் அடுக்கியிருந்த தட்டுகளும் ஆடின. அதற்கு அடியில் நெருப்பு ஏது? திரும்பிப் பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து இரண்டு ஓடு சரிந்து விழுந்தது. யார்மேலும் படவில்லை.

பிள்ளைகள் வெளியே வந்து என்னைத்தான் பார்த்தார்கள்.

“ஆயா, அரிசி மூட்டைய கீழ போட்டியா?”

“நான் ஒண்ணும் போடல.”

“லாரியா ஆயா?”

லாரி வரும் ரோடு அங்கே இல்லை. வாத்தியார் வாசலில் நின்றார். “நெலம் நடுங்கிச்சி,” என்றார். சொல்லிவிட்டு அவரும் தரையைத்தான் பார்த்தார்.

மறுநாள் அதையே பாடமாக எடுத்தார். ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்தார். நான் பருப்பை அடுப்பில் போட்டுவிட்டு ஜன்னல் ஓரம் நின்றேன். எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

இரண்டு சிலேட்டைத் தரையில் ஒட்டி வைத்தார். ஒன்றின்மேல் சாக்பீஸை நிற்க வைத்தார்.

“பூமிக்குள்ள பெரிய பெரிய பாறை. அதுக்கும் அடியில சூடு. அந்தச் சூட்டால பாறை கொஞ்சம் கொஞ்சமா நகரப் பாக்கும். பக்கத்துப் பாறை விடாது. ரெண்டும் நெருக்கினே நிக்கும். நெருக்கம் தாங்காத அன்னிக்கு, சட்டுனு வழுக்கும்.”

இரண்டு சிலேட்டையும் எதிரெதிராக அழுத்தித் தள்ளினார். முதலில் நகரவில்லை. பிறகு வெடுக்கென்று வழுக்கியது. சாக்பீஸ் விழுந்தது.

ஒரு பையன் எழுந்தான். “அடியில சூடுன்னா எங்க கெணத்துத் தண்ணி ஏன் சார் சில்லுனு கீது?”

“அது ரொம்ப ஆழம்டா.”

“எம்மாம் ஆழம் சார்?”

“யாரும் தோண்ட முடியாத ஆழம்.”

“எங்க மாமா தோண்டுவாரு சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அதே சந்தேகம். கீழே போகப் போகச் சூடு என்றால், நடுவில் இருக்கிற தண்ணீர் எப்படிக் குளிர்ந்தது?

அப்புறம் வாத்தியார் என்னைப் பார்த்து, “ஏம்மா, மூட்டைக்கு அடியில போடற பலகைய குடு,” என்றார். கொடுத்தேன். அதன்மேல் கல்லும் ஓட்டுச் சில்லும் வைத்து ஒரு வீடு கட்டினார். பக்கத்தில் குச்சியும் புல்லும் கட்டி ஒரு வீடு. பலகையைப் பிடித்து ஆட்டினார். கல் வீடு பொலபொலவென்று சரிந்தது. புல் வீடு அப்படியும் இப்படியும் சாய்ந்து நின்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“பாத்தீங்களா? ஆட்டம் யாரையும் கொல்றதில்ல. மேல உழற சுவரும் ஓடும்தான் கொல்லும். ஆடுனா உடனே வெளிய வந்துடணும்.”

“மறுபடி எப்ப சார் ஆடும்?” என்று மூன்றாவது படிக்கிற பெண் கேட்டாள்.

“அது யாருக்கும் முன்னாடி தெரியாது.”

நல்ல பாடம் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை.

சோறு வடித்து வைத்துவிட்டு நானும் வாத்தியாரும் பாதையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். “இன்னிக்கு இன்னாம்மா, சாமி கும்பிடறாங்களா?” என்றார். தெரியாது என்றேன். அவர் முகம் வெளுத்திருந்தது. காரணம் இருந்தது. பிள்ளைகள் குறைவு, பள்ளிக்கூடத்தை வேறு ஊருக்கு மாற்றலாம் என்று போன தடவை வந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். இரண்டு வாரத்தில் மறுபடி வருவதாகத் தகவல். மாற்றினால் காட்டைத் தாண்டிப் போக வேண்டும். இந்தப் பிள்ளைகள் போக மாட்டார்கள். ஆட்டுக்குப் பின்னால் போய்விடுவார்கள்.

நான் ஊருக்குள் போனேன். ஊர்க் கவுண்டர் களத்தில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சுதான் அங்கே எல்லாருக்கும்.

“பசங்கள ஏன் அனுப்பல கவுண்டரே?”

“உங்க வாத்தியாருதான் சொன்னாராமே. கல்லு வூடு உழும், புல்லு வூடு நிக்கும்னு.”

“ஆமா.”

“எங்க வூடு இன்னா வூடு?”

“புல்லு வூடு.”

“பள்ளிக்கூடம்?”

நான் திரும்பிப் பள்ளிக்கூடத்து ஓட்டைப் பார்த்தேன்.

“மலைக்குக் கீழ நாட்டுலேந்து வந்து, எங்க பசங்கள கல்லு வூட்டுல உக்கார வெச்சி, கல்லு வூடு உழும்னு பாடம் சொல்றீங்க. கேட்டுனு அனுப்பறதுக்கு நாங்க இன்னா கேனப் பசங்களா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. திரும்பி வந்து வாத்தியாரிடம் சொன்னேன். அவர் பலகையை எடுத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

“நான் சரியாத்தானம்மா சொன்னேன்?”

“சரியாத்தான் சார் சொன்னீங்க.”

“அப்புறம் இது எப்படி ஆச்சு?”

“இனிமே வராதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்களேன் சார்.”

“எனக்குத் தெரியாதேம்மா. தெரியாதத எப்படிச் சொல்றது?”

அவருக்கு முடியாது. எனக்கு முடியும் என்று நினைத்தேன். மறுநாள் நானே போய், “இனிமே ஆடாதாம், சார் சொன்னாரு,” என்றேன். அந்த மூன்றாவது படிக்கிற பெண் இடுப்பில் தம்பியோடு அங்கே நின்றாள்.

“யாருக்கும் முன்னாடி தெரியாதுன்னுதானே ஆயா சார் சொன்னாரு? நீயும் ஜன்னலாண்ட நின்னியே.”

எனக்குத் தலை குனிந்துபோனது. கவுண்டர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, “வேற இன்னா சொன்னாரு, சொல்லு,” என்றார். அவள் தம்பியை இறக்கிவிட்டு, இரண்டு ஓட்டாஞ்சில்லை எடுத்துத் தள்ளிக் காட்டினாள். சூடு, பாறை, நெருக்கம், வழுக்கல், ஒன்றும் விடவில்லை. எவ்வளவு ஆழம் என்று கவுண்டர் கேட்டார். “மாமா தோண்ட முடியாத ஆழம்,” என்றாள். அவர் கையிலிருந்த சாமையை உமி போக ஊதினார்.

“பாடம் நல்லாத்தான் கீது. எடந்தான் சரியில்ல,” என்றார்.

அந்த ஊரில் யாருக்கு வீடு கட்டினாலும் வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும். ஆரம்பித்த அன்றே கூரையேற்றிவிட வேண்டும். அடுத்த நாள் காலை மூங்கிலும் புல்லும் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். வாத்தியார் அவர்களுக்கு வழி விட்டு ஓரமாக நின்றார். பொழுது சாய்வதற்குள் கொட்டாய் நின்றது. கரும்பலகையைக் கழற்றி உள்ளே மாட்டினார்கள். அதற்கடுத்த நாள் எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள்.

சொன்னபடி அதிகாரி வந்தார். கல் கட்டிடம் பூட்டியிருப்பதைப் பார்த்து நின்றார்.

“கட்டடம் பழுதா?”

“இல்ல சார், நல்லாத்தான் இருக்கு,” என்றார் வாத்தியார்.

“அப்புறம் ஏன் பூட்டி வெச்சிருக்கீங்க?”

“பாடம் நடத்திட்டேன் சார்.”

அதிகாரிக்குப் புரியவில்லை. அந்தப் பெண் பலகையை எடுத்துவந்து இரண்டு வீடும் கட்டி அவர் முன்னால் வைத்தாள். அவர் மெதுவாக ஆட்டினார். ஒன்றும் விழவில்லை.

“பலமா ஆட்டுங்க சார். பயப்படாதீங்க,” என்றாள்.

ஆட்டினார். கல் வீடு விழுந்தது. உட்கார்ந்திருந்த தலைகளை எண்ணினார். ஒன்றும் குறையவில்லை.

“இத நான் இன்னான்னு எழுதறது?” என்று வாத்தியாரைக் கேட்டார். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்க்க?

அதிகாரி சாப்பிட்டுவிட்டு ஏதோ எழுதிக்கொண்டு இறங்கிப் போனார். பள்ளிக்கூடத்தை மாற்றவில்லை. என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது.

மழைக்காலத்தில் கொட்டாய் ஒழுகியது. கவுண்டரே வந்து, மழை பெய்கிறவரைக்கும் கல் கட்டிடத்தில் உட்காரட்டும் என்றார். மழையின்போது நிலம் ஆடாதா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. பிள்ளைகள் ஈரத் தலையோடு உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள். கேட்கவில்லை.