ஆறு வட்டங்களும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும்

"பேசுறதுக்கு ஒரு படிப்பா? நம்ம குழாயடியில நிக்கிற பொம்பளைக எல்லாம் நாள் பூரா அதைத்தானே செய்றாளுக. அவளுகளுக்கு யாரு சர்ட்டிபிகேட் குடுத்தா?"

உளவளத்துணை, அதாவது கவுன்சலிங், டிப்ளோமாவுக்குப் பதிந்துவிட்டு வந்த அன்று அப்பா இப்படிக் கேட்டார். கோபமாக இல்லை. கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை சுமந்துவிட்டு வந்து, தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டார். அம்மா சிரித்தார். கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கும், தோட்டம் என்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்பில் பதினெட்டு வீடுகளுக்கு இரண்டு குழாய்கள். அங்கே உயர்தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் முதல் ஆளும் நான்தான். எனக்குச் சுருக்கென்றது.

"அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குப்பா."

"என்னா வித்தியாசம்?"

அதைத் தெரிந்துகொள்ள இரண்டு வருடங்கள் போயின. இப்போதும் முழுதாகத் தெரியும் என்று சொல்லமாட்டேன்.

வார நாட்களில் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் தொலைபேசியில் முறைப்பாடு கேட்பது என் வேலை. மூன்று மொழிகளிலும் திட்டு வாங்கலாம். சனிக்கிழமை வரும்போது காது வலிக்கும். அந்தக் காதோடுதான் வெள்ளவத்தைக்கு இரண்டு பஸ் ஏறிப் போய்ப் பயிற்சிக்காக மற்றவர்களின் துயரத்தைக் கேட்பேன். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் மாடியில் ஒரு சிறிய அறை. ரயில் போனால் அது போய் முடியும்வரை பேச்சை நிறுத்த வேண்டும். அந்த அரை நிமிட ஓய்வுக்காக நான் ரயிலை எதிர்பார்த்திருந்த நாட்களும் உண்டு.

படித்தவற்றுள் எனக்கு உடனே பிடித்துப்போனது பரிமாற்றப் பகுப்பாய்வு. ஒவ்வொருவருக்குள்ளும் மூன்று பேர் இருக்கிறார்கள் என்கிறது அது. நம்மை வளர்த்தவர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட அதட்டலும் அரவணைப்பும் பெற்றோர். சின்ன வயதில் பயந்து, அடம்பிடித்து, மகிழ்ந்த ஆள் குழந்தை. இப்போது கண்முன் இருப்பதைப் பார்த்து நிதானமாக யோசிக்கிற ஆள் வளர்ந்தவர். இவர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வட்டங்களாக வரைவோம்: மேலே பெற்றோர், நடுவில் வளர்ந்தவர், கீழே குழந்தை. எதிரே மற்றவருக்கும் அதே மூன்று. பேசும் ஒவ்வொரு வரியும் ஒரு வட்டத்திலிருந்து எதிரே உள்ள ஒரு வட்டத்துக்குப் போகும் அம்பு. போகிற அம்பும் திரும்புகிற அம்பும் சமாந்தரமாக இருக்கும்வரை பேச்சு முடிவில்லாமல் போகும். குறுக்கே வெட்டினால் தடைப்பட்டு நிற்கும்.

வகுப்பில் இதில் நான்தான் கெட்டிக்காரி. பஸ்ஸிலும் வரைவேன். கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன", முன்னுக்குப் போ என்று சிங்களத்தில் கத்தினால் பெற்றோர். முணுமுணுத்துக்கொண்டு முன்னால் நகரும் நாங்கள் குழந்தை.

உதவி தேடி வருபவரைத் துணைநாடி என்போம். என் முதல் துணைநாடி, அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துப் பெண்மணி. அவரை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை இங்கே மாற்றியிருக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் தனியே இருந்தார். நித்திரை வரவில்லை என்று டொக்டரிடம் போக, டொக்டர் இங்கே அனுப்பியிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் எட்டு மாதமாகப் போன் எடுக்கவில்லை என்று முதல்நாள் சொன்னார். அதன்பிறகு மகனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டாம் நாள் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தார்.

"உதென்ன பிள்ளை, போன கிழமையிலும் பார்க்க மெலிஞ்சு போனீர். காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"பணிஸ், அன்ரி."

"பணிஸ் ஒரு சாப்பாடே? இந்தாரும், புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். ஆற முந்திச் சாப்பிடும். நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. முடிந்ததும் பெட்டியைக் கழுவி, அவர் தேநீர் குடித்த கோப்பையையும் சேர்த்துக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அப்படியே. எங்கே பேச்சுத் தடைப்பட்டது என்று கேட்டால், ஓரிடத்திலும் இல்லை. நல்ல நம்பிக்கை வளர்ந்திருக்கிறது என்று அறிக்கையில் பெருமையோடு எழுதினேன். நித்திரை எப்படி என்று கேட்டால் மட்டும், "அது கிடக்கட்டும், ரெண்டு மணிக்கு முழிப்புத்தான்" என்பார்.

ஐந்தாம் நாள் கேட்டார்: "அம்மா என்ன செய்யிறா?"

"வீட்டிலதான், அன்ரி."

அந்த நேரத்தில் அம்மா அங்கிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, ஒரு ஃபிளாட்டில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் பேசியதை நினைவிலிருந்து வரிவரியாக எழுதி, வட்டமும் அம்பும் போட்டு மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். அன்று பஸ்ஸில் இடம் கிடைத்தது. மடியில் வைத்து வரைந்தேன். அவருடைய மேல்வட்டத்திலிருந்து என் கீழ்வட்டத்துக்கு ஓர் அம்பு. என் கீழ்வட்டத்திலிருந்து அவருடைய மேல்வட்டத்துக்கு ஓர் அம்பு. பக்கம் முழுவதும் அதுதான். பழைய தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். ஐந்து சந்திப்புகளில் நடுவட்டத்தை ஓர் அம்புகூடத் தொட்டிருக்கவில்லை.

எனக்கு எட்டு, ஒன்பது வயதில் பள்ளிக்கூட விடுமுறைக்கு அம்மா தான் வேலை செய்யும் வீடுகளுக்கு என்னைக் கூட்டிப்போவார். அந்த வீடுகளில் எங்களுக்கென்று கோப்பை தனியாக இருக்கும். குசினி வாசலில் இருந்து குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும். சாப்பாடு தருவார்கள், தலையைத் தடவுவார்கள், நல்லவர்கள்தான். கேட்டதற்கு "ஓம் அன்ரி" என்று மட்டும் சொல்லவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. எங்கள் வீட்டில் நாங்கள் "ஆமா" என்போம்.

மேற்பார்வையாளர் என் அறிக்கையின் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இந்த அறையில் துணைநாடி யார்?"

அந்த வாரம் வேலையில் ஒன்றும் மனதில் ஏறவில்லை. ஒரு மனுஷி நித்திரையில்லாமல் என்னிடம் வந்தார். அவர் எனக்குப் புட்டு ஊட்டி, நான் கோப்பை கழுவி அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்படியே போனால், வந்ததுபோலவே அவர் திரும்பிப் போவார்.

ஆறாம் நாள் பெட்டியைத் திறக்கப்போனவரிடம் சொன்னேன்.

"அன்ரி, இன்டைக்குச் சாப்பாடு வேண்டாம். நீங்க தந்து நான் சாப்பிடுறதிலேயே எங்கட நேரம் போகுது. முதல்நாள் மகனைப் பற்றிச் சொன்னீங்க. பிறகு நாங்க அதைக் கதைக்கவே இல்லை. அதில என்ர பிழையும் இருக்கு."

"பிழையோ? அன்பா ஒரு பிடி சாப்பாடு தாறது இப்ப பிழையாப் போச்சோ? ரெண்டு எழுத்துப் படிச்ச உடன உங்களுக்கெல்லாம் வாய்."

அம்பு வெட்டும், பேச்சு நிற்கும் என்று தெரிந்துதான் பேசினேன். ஆனால் என் கை பெட்டியின் மூடிவரை போய்விட்டது. சாப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ரயில் ஒன்று போனது. 

"அவனும் உப்பிடித்தான் சொன்னவன்," என்றார். "போன் எடுத்த உடன சாப்பிட்டியோ, குளிச்சியோ எண்டு கேக்காதேங்கோ அம்மா, எனக்கு நாப்பது வயசு எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்ப எடுக்காதை எண்டு சொன்னன்." பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். "பிறந்த நாள் தொடக்கம் என்ர சொல்லுக் கேக்காதவன், இதில மட்டும் கேட்டுட்டான்."

சிரிக்க முயன்றார், முடியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல எனக்கு வாய் துடித்தது. சொல்லவில்லை. மிச்ச நேரத்தில் அவர் மெதுவாக, விட்டு விட்டு, மகனைப் பற்றிச் சொன்னார். நேரம் முடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த கிழமை வருவேன் என்று சொல்லவில்லை. அவர் போன பிறகே கோப்பையைக் கழுவினேன். யாராவது கழுவத்தானே வேண்டும்.

அடுத்த கிழமை அவர் வரவில்லை. கால் உளைவு என்று பயிற்சி நிலையத்து அலுவலகத்துக்குச் சொன்னாராம். அதற்கடுத்த கிழமை நேரத்தைத் தனக்கு வைக்கச் சொன்னாராம். வருவாரா என்று தெரியாது. அவருக்கு ஒதுக்கிய அந்த ஒரு மணித்தியாலம் வெறும் நாற்காலிக்கு முன்னால் இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், பாதி நேரம் தூங்கிவிட்டேன்.

எழுந்ததும் ஒரு வேலை செய்தேன். கல்கிசையில் இன்னோர் உளவளத்துணையாளருக்குப் போன் எடுத்து, துணைநாடியாக என் பெயரைக் கொடுத்தேன். சென்ற ஞாயிறு முதல் சந்திப்பு. என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டார். அரைமணி நேரம் பஸ்ஸைப் பற்றியும் அவருடைய மாடிப்படியைப் பற்றியும் பேசினேன். பிறகுதான், "எங்கம்மா வீடு கூட்டித் துடைக்கிறாங்க. அதை ஒருத்தர்கிட்ட மறைச்சிட்டேன்" என்று சொன்னேன். அவர் என் தலையைத் தடவவில்லை. மறைத்தபோது எனக்கு என்ன வயது என்று கேட்டார். இருபத்தாறு என்று சொல்ல வாயெடுத்தேன்; குசினி வாசலில் கவிழ்த்துவைத்த கோப்பை ஞாபகம் வர, நிறுத்திக்கொண்டேன். நேரமும் முடிந்துவிட்டது. வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு என்று, அவருடைய நேரம் குறிக்கும் கொப்பியில் என் பெயரை எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.