ஆறு பேரின் சம்மதம்

செவ்வாய்க்கிழமை மதியம் எங்களுக்கு வீடியோ கூட்டம். ஜொகூரின் வெவ்வேறு ஊர்களில் வேலை செய்யும் அறுவை சிகிச்சை மருத்துவர்கள் ஆறு பேர், சிக்கலான கேஸ்களைச் சேர்ந்து பேசுவோம். செயலி இலவசம், அதனால் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. காலையிலிருந்து ஆபரேஷன் தியேட்டரில் நின்ற களைப்பு, ஒரு கையில் சோற்றுப் பொட்டலம், இன்னொரு கையில் கேஸ் தாள். மறுத்துப் பேச யாருக்கும் தெம்பு இருப்பதில்லை. அப்படியே ஒரு வழக்கம் வந்துவிட்டது. கேஸைச் சொன்னவர், "வேற கருத்து இருக்கா?" என்று கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

அன்று என் கேஸ்தான் கடைசி. பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். சர்க்கரை நோயில் வலது கால் விரல்கள் கறுத்துவிட்டன. முட்டிக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றேன். யாராவது வேண்டாம் என்று சொல்லமாட்டார்களா என்றும் உள்ளுக்குள் இருந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். திரையில் ஐந்து முகங்கள் அசையாமல் இருந்தன. செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் முகங்கள் அப்படித்தான் இருக்கும். நன்றி சொல்லி மூடிவிட்டு வார்டுக்குப் போனேன்.

"அண்ணே, இது நான் ஒருத்தியா எடுத்த முடிவு இல்ல. ஆறு டாக்டருங்க சேந்து பேசிட்டோம்."

அதைச் சொன்னதும் என் பாரம் கொஞ்சம் குறைந்தது. குறையட்டும் என்றுதான் சொன்னேன்.

"ஆறு பேரும் சொன்னா சரிதான் டாக்டர்," என்று சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார். இனி பஸ் ஓட்ட முடியுமா என்றுகூடக் கேட்கவில்லை.

அறைக்குத் திரும்பி மீதிச் சோற்றைப் பிரித்தபோது, கூட்டத்தில் இருந்த ரத்தக்குழாய் நிபுணர் ஜொகூர் பாருவிலிருந்து அழைத்தார்.

"உங்க கேஸ் என்னாச்சு? நீங்க ஆரம்பிச்சதுமே எல்லாருக்கும் லைன் கட்டாயிடுச்சு. ஃப்ரீ ஆப் லா, என்ன செய்ய."

விவரம் சொன்னேன்.

"அலமாக், முட்டிக்குக் கீழயா? இங்க அனுப்புங்க. குழாய தொறந்து பாப்போம். விரலோட நிறுத்திடலாம்னு நினைக்கிறேன்."

உறைந்துபோன திரையிடம் நான் சம்மதம் வாங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சோற்றை மூடிவைத்துவிட்டு மறுபடி வார்டுக்கு நடந்தேன்.

"அண்ணே, அந்தத் தாள் வேணாம். ஜொகூர் பாருவுக்கு அனுப்புறேன். கால காப்பாத்த வழி இருக்கு."

"அப்போ அந்த ஆறு பேரு சொன்னது?"

"யாரும் சொல்லலண்ணே. நான் மட்டும்தான்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போர்வைக்குள் அந்தக் காலை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.