பன்னிரண்டாவது கண்ணாடி

போன வாரம் மதுரையிலிருந்து ஒருவர் என் கண்ணாடிகளை விலைக்குக் கேட்டு வந்தார். மூக்குக் கண்ணாடி இல்லை. யுத்தத்தில் விமானம் ஓட்டியவர்கள் மாட்டிக்கொண்ட, ரப்பர் விளிம்பும் பின்னால் பட்டையும் வைத்த கண்ணாடி. டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் ரப்பர் வாசம். கூடவே, எனக்கு மட்டும், ஈர விறகு வாசமும் வந்த மாதிரி இருந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஓர் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். சிலருக்குத் தபால்தலை, எனக்கு இந்தப் பித்து. சென்னைக்குப் போகிற யாரையும் விடமாட்டேன். மிலிட்டரி கழித்துப்போட்ட சாமான் விற்கிற டிஸ்போசல் கடையில் ஒன்று வாங்கிவரச் சொல்வேன். ஆபீசில் என் பெயரே பைலட். இந்தப் பைலட் ஏறிய அதிகபட்ச உயரம் தேனருவிப் பாதை; அதிலும் பாதியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன், அது வேறு விஷயம். பதினொன்று சேர்ந்திருந்தது.

பன்னிரண்டாவதை ஐந்தருவியில் பார்த்தேன். சீசனுக்கு மட்டும் போடுகிற டீக்கடை. கடைக்காரர் வேலாயுதம் அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் ராயகிரி. யுத்த காலத்தில் ஏதோ விமானத் தளத்தில் வேலை பார்த்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்ததை மாட்டிக்கொண்டு அவர் மனைவி சொர்ணத்தக்கா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். சாரலில் நனைந்த விறகு. புகை மண்டுகிறது, அவள் பாட்டுக்கு வடை தட்டுகிறாள். நான் வாயைப் பிளந்து நின்றேன்.

"என்ன தம்பி பாக்குதீய? ஏரோப்ளேன் எங்க நிக்குதுன்னா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுக் கூலிங் கிளாஸ் ஒன்று வாங்கிக்கொண்டு போய், மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "கருப்பா, சோக்கா இருக்கும்க்கா." ரசம் போன கண்ணாடியில் முகம் பார்த்துச் சிரித்தாள், கழற்றிக் கொடுத்துவிட்டாள். கூலிங் கிளாஸ் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும், புகையைத் தடுக்காது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்.

சீசன் முடிவதற்குள் மறுபடி போனேன். கூலிங் கிளாஸ் தலைமேல் ஏறியிருந்தது. முந்தானையால் துடைத்துத் துடைத்து இமை வீங்கி, கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து கிடந்தன.

"சோக்காத்தான் இருக்கு தம்பி. பொகைதான் சைடு வழியா வந்திருது."

குறையாகச் சொல்லவில்லை, டீக்குச் சீனி போதுமா என்று கேட்கிற குரல்தான். சிநேகிதனிடம் காட்ட எடுத்துவந்த அவளுடைய கண்ணாடி அப்போது என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். அடுத்த சீசனில் கொடுத்துவிடுவோம் என்று கொண்டுபோனால், அந்த இடத்தில் வேறு யாரோ மங்குஸ்தான் பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர்களை விசாரித்தேன். "இந்த வருசம் வரலியே" என்றார்கள். அதற்கடுத்த வருசமும் அதே பதில்தான்.

மதுரைக்காரர் பதினொன்றையும் துணியில் சுற்றிக்கொண்டார். பன்னிரண்டாவதை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் சுரண்டிப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

"இதுல கரி ஏறிப்போச்சு சார். மத்ததோட சேராது."

இப்போது ஐந்தருவிக் கடைகளில் கேஸ் அடுப்பு. யாரும் ஊதுவதில்லை, யாருக்கும் கண் எரிவதில்லை. கண்ணாடி மேசைமேல் கிடக்கிறது. கொடுக்க இன்றைக்கு எனக்கு மனசு இருக்கிறது. வாங்கிக்கொள்ள வேண்டிய அக்காதான் இல்லை.