திங்கட்கிழமை அழைப்பு

வேலணைத் தீவில் மீனலோசனியின் வீட்டில் ஓர் அறையைத் தவிர மற்றதெல்லாம் பூட்டுத்தான். அண்ணன்மார் கனடாவில். அந்த ஓர் அறையிலிருந்து அவள் கொழும்புக் கம்பனி ஒன்றின் கணினிகளைப் பராமரிக்கிறாள். ஏதாவது கெட்டால்தான் யாரும் அவளை அழைப்பார்கள். கெடாத நாட்களில், வாசல் படலையில் மீன்காரரோடு கதைப்பதுதான் அன்றைய பேச்சு.

மாசியில் நிருஜா அழைத்தாள். சம்பளப் பிரிவுக்குப் புதியவள். சம்பளக் கோப்புகள் திறக்கவில்லை. மீனலோசனி கறுப்புத் திரையில் நிருஜாவின் பெயரோடு ஒரு வரிக் கட்டளை அடித்தாள். யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பதற்கான பாதுகாப்புக் குழுக்களில் நிருஜா சேர்ந்திருப்பவை வரிசையாக வந்தன. சம்பளக் குழு அதில் இல்லை. அதில் சேர்க்க, முறைப்படி நிருஜாவின் மனேஜர் எழுதிக் கேட்கவேண்டும்.

"நீர் எந்த ஊர், பிள்ளை?"

"பிறந்தது கொழும்பு அக்கா. அப்பான்ர ஊர் மடத்துவெளி."

அது போதும். வேலணைப் பாலத்துக்கு அந்தப் பக்கத்துத் தீவுப் பிள்ளை. ஊராளை எழுதிக் கொண்டுவா என்று அலைக்கழிப்பதா? அனுமதிக்குக் காத்திராமல் தன் கையாலேயே சேர்த்துவிட்டாள்.

அனுமதியில்லாமல் சேர்த்த பெயர்களை ஞாயிறுதோறும் தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் நீக்கிவிடும். அதை எழுதியவளே மீனலோசனிதான். அன்றைக்கு நினைவு வரவில்லை. திங்கள் காலை நிருஜா மறுபடி அழைத்தபோது வந்தது. ஆனாலும் மறுபடி கையால்தான் சேர்த்தாள். நிருஜாவின் கணினி மூடித் திறந்து வரும்வரை இருவரும் கதைத்தார்கள். அதன்பிறகு திங்கள்தோறும் அதே கட்டளை, அதே கதை.

"இண்டைக்கு என்ன கறி அக்கா?"

"ஒருத்திக்கு என்ன கறி? முட்டை பொரிச்சனான்."

"போன திங்களும் முட்டை! கோழிக்கே அலுத்திருக்கும்."

வைகாசியில் ஒரு திங்கள், நிருஜா எடுத்ததுமே சொன்னாள்:

"ஒவ்வொரு திங்களும் கோப்பு திறக்காமல் சம்பள வேலை பிந்திட்டுது அக்கா. இனியும் பிந்தினால் வேலையால நிப்பாட்டிப்போடுவன் எண்டு மனேஜர் சொல்லிப்போட்டார். நான் என்ன பிழை விடுறன்?"

மீனலோசனி பாதி அடித்த கட்டளையை அழித்தாள்.

"உம்மில பிழையில்லை. பிழை என்ர."

பிழை தன்னுடையதுதான் என்று மனேஜருக்கு எழுதினாள். அவருடைய அனுமதியை வாங்கி, நிருஜாவை முறையாகப் பதிந்தாள். கட்டளையை அடித்துப் பார்த்தாள். சம்பளக் குழு வந்துவிட்டது.

"மூடித் திறந்து பாரும்."

இந்தமுறை கறியைப்பற்றி யாரும் கேட்கவில்லை.

"திறந்திட்டுது அக்கா! இனி உங்களைக் கரைச்சல்படுத்தமாட்டன்."

"ஓம்," என்றாள் மீனலோசனி.

அடுத்த திங்கள் காலை அந்தக் கட்டளையை ஒருமுறை அடித்துப் பார்த்தாள். குழு அப்படியே இருந்தது. தொலைபேசி அடிக்கவில்லை. மீன்காரரின் ஹோர்ன் கேட்டதும் படலைக்குப் போனாள். பெட்டிக்குள் கிடந்ததைக் காட்டி, "இது என்ன மீன் அண்ணை?" என்று கேட்டாள்.

"என்ன தங்கச்சி, தீவில பிறந்திட்டு ஒரா தெரியாதோ?"

"இது?" என்று அடுத்ததைக் காட்டினாள்.