கம்பியை இறக்கிய கதை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்லைக் காட்டியே மாநிலப் பட்டத்தை இழந்தவன் நான். ஏற்கெனவே இரண்டு முறை ஜொகூர் மாநில வலுதூக்கும் போட்டியில் வென்றிருந்தேன். மூன்றாம் முறை, கடைசி முயற்சியில், இருநூற்று அறுபது கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்தும் விட்டேன். நடுவர் கையை இறக்கும்வரை கம்பியைப் பிடித்திருந்தால் பட்டம் எனக்குத்தான்.

நானோ நடுவரை விட்டுவிட்டு, முன்வரிசையில் கைப்பேசியில் படமெடுத்த மனைவியைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தேன். அவள் கைப்பேசியை இறக்கினாள். நானும் கம்பியை இறக்கினேன். தூக்கியது செல்லாது என்று மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தன.

ஸ்கூடாயில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் வழியில் முனகினேன். "அலமாக், நீ ஃபோன இறக்குனதாலதான் நானும் இறக்கிட்டேன்லா."

காரை ஓட்டிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்: "நான் என்ன ரெஃப்ரியா?"